காற்றைக் கேட்டுக் கடலுக்குப் போகும் ஊர்

முதல் நாள் காலை துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு நானும் அக்காவும் படியிறங்கினோம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வீட்டுக்கார அம்மா வெறும் கூடையோடு பின்னாலேயே இறங்கி வந்தார். எந்தக் கடற்கரைக்கு என்று கேட்டார். விக்தோரியா என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். லெவாந்தே குதித்துவிட்டது என்றார். அந்த ஊரில் அந்தக் காற்று வீசுவதில்லை, எழுவதில்லை. குதிக்கிறது. மூன்று நாளைக்கு லா கலேத்தா மட்டும்தான், வேறெங்கும் போகாதீர்கள் என்று சொல்லி, அக்காவின் தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை இன்னும் இறுக்கிவிட்டார்.

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் காதிஸ். நம் வரைபடங்களில் காடிஸ் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் நடு எழுத்தும் கடைசி எழுத்தும் கரைந்து 'காய்' என்று விழுகிறது. செவில்யாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேர ரயில். ஐரோப்பாவின் கடற்கரை ஊர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு பார்சலோனாவையும் மாலகாவையும் சொல்வார்கள். நாங்கள் காதிஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரே ஊருக்குள் நான்கு கடற்கரைகள் வரிசையாக இருப்பதுதான். ஐந்து நாளில் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்து, பிடித்த ஒன்றில் உட்கார்ந்துவிடலாம் என்பது என் திட்டம்.

அகப்பையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும் நில அமைப்பு. அகப்பையின் குழிந்த பகுதி பழைய ஊர். மூன்று பக்கமும் கடல். காம்பு, பல கிலோமீட்டர் நீளும் ஒல்லியான மணல்திட்டு. காம்பின் கிழக்குப் பக்கம் வளைகுடா, துறைமுகம், கப்பல் கட்டும் தளம். மேற்குப் பக்கம் முழுக்கப் பெருங்கடல். குழிந்த பகுதியின் நுனியில் லா கலேத்தா. காம்பு தொடங்கும் இடத்தில் சாந்தா மரியா தெல் மார். அதை அடுத்து ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு லா விக்தோரியா. அதற்கும் அப்பால், கட்டடங்கள் முடிந்த பிறகு, 4 கிலோமீட்டரை நெருங்கும் கொர்த்தாதூரா. தாளில் பார்த்தால் எல்லாம் ஒரே கடல்தான்.

வீட்டுக்கார அம்மா சொன்னதைக் கேட்காமல் பேருந்தேறி விக்தோரியாவுக்கே போனோம். கரையோரம் நெடுக நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் காற்றை மறைத்தன. ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு இடையே தெரு திறக்கும் இடத்தில் அது மொத்தமாக வந்து அறைந்தது. தள்ளிப் போனால் சரியாகும் என்று தெற்கே நடந்தோம். கட்டடங்கள் முடிந்ததும் மறைப்பும் முடிந்தது. கொர்த்தாதூராவின் மணல் முழங்கால் உயரத்துக்குத் தரையோடு தரையாகக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. கடல் மட்டும் குளம்போல இருந்தது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலைகளை அது அமுக்கிவிடுகிறது.

"ஏட்டி, கிழக்கே இருந்துதான வருது? நம்மூர்ல கொண்டல்னா ஈரமாத்தான இருக்கும்? இது என்ன அடுப்புக்குள்ள இருந்து வாற மாதிரி வருது?" என்றாள் அக்கா.

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குக் காற்றின் பேர்கள் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல், அது ஈரத்தைக் கொண்டுவரும். மேற்கே மலையைத் தாண்டி வருவது கச்சான். ஆனி ஆடியில் தேரிக்காட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கண்ணில் போடும். காதிஸில் இது அப்படியே தலைகீழ். அங்கே கிழக்கில் நிலம், மேற்கில் கடல். லெவாந்தே மத்தியதரைக் கடலிலிருந்து கிளம்பும்போது ஈரமாகத்தான் கிளம்புகிறது. ஸ்பெயின் மலைகளுக்கும் மொராக்கோவின் ரிஃப் மலைகளுக்கும் நடுவே ஜிப்ரால்ட்டர் நீரிணையின் இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்து, நிலத்தைக் கடந்து காதிஸுக்கு வரும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் கச்சானுக்கு நடப்பதுதான் அங்கே லெவாந்தேக்கு நடக்கிறது. ஆரல்வாய்மொழியில் நிற்பதைப் போலவே நீரிணையின் ஓரத்திலுள்ள தரீஃபாவிலும் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. மேற்கிலிருந்து வரும் போனியேந்தேதான் காதிஸின் குளிர்ந்த காற்று. எந்தக் கரை நல்ல கரை என்ற கேள்விக்கு முன்னால் இந்த இரண்டில் எது அடிக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. அதைக் கேட்காமல் துண்டை எடுத்துக்கொண்டு புறப்படும் ஊர்க்காரர் ஒருவரையும் அந்த ஐந்து நாளில் நான் பார்க்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு லா கலேத்தாவில் போய் இறங்கினோம். சட்டென்று காது அடைபட்டதுபோல் காற்றின் இரைச்சல் நின்றது. பழைய ஊரின் மொத்த உடம்பும் முதுகு காட்டி அந்தக் கரைக்கு மறைப்பாக நிற்கிறது.

லா கலேத்தா நீளத்தில் அரை கிலோமீட்டர்கூட வராது. வடக்கே சாந்தா கத்தலீனா கோட்டை. 1596இல் ஆங்கிலேய, டச்சுக் கப்பற்படைகள் ஊரைச் சூறையாடிய பிறகு, இனி நடக்கக்கூடாது என்று 1598இல் தொடங்கிக் கட்டியது. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம்போல் முனைகள் விரிந்திருக்கும். தெற்கே கடலுக்குள் ஒரு பாறைத் திட்டில் சான் செபஸ்தியான் கோட்டை, அதன் உள்ளே இரும்பில் செய்த கலங்கரை விளக்கம். கரையிலிருந்து கோட்டை வரை கடலைக் கிழித்துக்கொண்டு ஒரு கல்பாதை போகிறது. இரண்டு கோட்டைகளும் இரண்டு கைகள்போல நீட்ட, நடுவில் உள்ளங்கையளவு மணல். சிறு மீன்பிடிப் படகுகள் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கின்றன. கரையின் நடுவே, மணலில் தூண்களை ஊன்றி, பிறை வடிவில் இரு பக்கமும் கைவிரித்து நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1926இல் கட்டிய பழைய குளியல் மாளிகை. இன்று அதற்குள் இருப்பது ஆந்தலூசியாவின் நீரடித் தொல்லியல் மையம். குளிக்க வந்தவர்களுக்காகக் கட்டிய வீட்டில், மூழ்கிப்போன கப்பல்களை ஆராய்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கரை வேறு பேரில் தெரிந்திருக்கும்: 2002இல் வந்த 'டை அனதர் டே'யில் ஹேலி பெர்ரி தண்ணீரிலிருந்து எழுந்து வரும் ஹவானா கடற்கரை இதுதான்.

அந்த மையத்துக்கு இங்கே வேலைக்குக் குறைவில்லை. இன்றைய லெபனானின் தீர் நகரத்திலிருந்து வந்த பினீசியர்கள் இங்கே காதிர் என்ற ஊரை அமைத்தார்கள். பழைய மரபு அதற்குச் சொல்லும் ஆண்டு கி.மு. 1104, அகழாய்வில் கிடைத்த தடயங்கள் கி.மு. 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அப்போது இது ஒரே நிலமல்ல, தீவுக் கூட்டம். இரண்டு தீவுகளுக்கு நடுவே கப்பல் நுழையும் கால்வாய் ஓடியது என்றும், அது தூர்ந்தபின் மிஞ்சிய வாய்தான் லா கலேத்தா என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகள் குடைக்கடியில் தர்பூசணி தின்னும் அந்த மணல், மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய துறைமுகங்களில் ஒன்றின் வாசற்படி.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அந்தக் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள். அறுபது, எழுபது, எண்பது வயதுப் பெண்கள். லா கலேத்தாவை ஒட்டிய லா வின்யா குடியிருப்பிலிருந்து மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, குளிர்பெட்டி, டப்பாவில் உருளைக்கிழங்கு ஆம்லெட், பொரித்த இறைச்சி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து பிங்கோ ஆடுகிறார்கள். ஒருவர் பையிலிருந்து காய் எடுத்து எண்ணைக் கூவுகிறார். மற்றவர்கள் அட்டையில் மறைக்கிறார்கள். கூப்பிட்ட எண்ணுக்குப் பக்கத்துக் கூட்டத்திலிருந்தும் பதில் வருகிறது. வெயில் ஏறியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நாலைந்து பேராகக் கைகோத்துக் கடலுக்குள் போய், மார்பளவுத் தண்ணீரில் வட்டமாக நின்று பேசுகிறார்கள். நீந்துவதில்லை. அரை மணி, முக்கால் மணி, பேச்சுத்தான். கோயில் குளத்துப் படித்துறையின் பேச்சு அது.

அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் நனைக்க வரவில்லை.

அன்று மாலை கடல் வற்றியது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் காதிஸில் அது 3 மீட்டரைத் தாண்டும். நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசி, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தி. மதியம் மூன்று மணிக்குக் குளியல் மாளிகையின் தூண்களை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் எட்டரைக்குள் எங்கோ போய்விட்டது. படகுகள் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பாசி படர்ந்த பாறைகள் கோட்டைவரை வெளியே வந்திருந்தன. பிள்ளைகள் வாளியோடு நண்டு தேடிப் போனார்கள். மதியம் நாங்கள் உட்கார்ந்த கரையும் இதுவும் ஒன்றென்று சொன்னால் நம்ப முடியாது. காற்றுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் கரையைத் தீர்மானிப்பது ஓதம். லா கலேத்தாவில் ஏற்றத்தில் குளிக்கலாம், இறக்கத்தில் நடக்கலாம். இரண்டையும் மாற்றிச் செய்தால் பாறையில் கால் கிழியும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் வருகிறவர்கள் பாதி லா கலேத்தாவைத்தான் பார்க்கிறார்கள்.

சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. கோடைகால நேரம் ஒரு காரணம். இன்னொன்று, பிரிட்டனுக்கு நேர் தெற்கே இருக்கும் நாட்டின் நேரத்தை 1940இல் ஃபிராங்கோ அரசு ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. அது இன்றும் திரும்பவில்லை. அதனால் கோடையில் உச்சிவேளை அங்கே கடிகாரத்தில் இரண்டரை மணி. நம் பழக்கத்தில் நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று கிளம்பினால் சுட்டெரிக்கும். ஆறரைக்கு மேல் போகலாம். அதற்குப் பிறகும் இரண்டரை மணி நேரம் வெளிச்சம் கையில் இருக்கிறது.

திரும்பும்போது லா வின்யாவின் பால்மா தெரு வழியாக வந்தோம். மீன் பொரிக்கும் கடைகள் நிறைந்த தெரு. வினிகரிலும் மசாலாவிலும் ஊறவைத்துப் பொரித்த குட்டிச் சுறாத் துண்டுகளைக் காகிதக் கூம்பில் சுற்றித் தருகிறார்கள். இன்னொன்று, ஊரின் அடையாளமான தோர்த்தியீத்தா. கடலை மாவும் கோதுமை மாவும் கரைத்து, பொடி இறாலை ஓட்டோடு போட்டு, வெங்காயத் தாளும் பார்ஸ்லியும் தூவி, கரண்டியால் மெல்லிசாக எண்ணெயில் ஊற்றி எடுக்கிறார்கள். விளிம்பு சரிகைபோல மொறுமொறுத்து வருகிறது. கடலை மாவு அங்கே அந்நியச் சரக்கில்லை என்று தெரிந்ததும் அக்கா இரண்டாவது தட்டு கேட்டாள்.

அந்தத் தெருவில்தான் கடல் வந்து நின்ற இடம் இருக்கிறது. 1755 நவம்பர் 1, லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம். அன்று முற்பகலில் காதிஸை ஆழிப்பேரலை அடித்தது. லா கலேத்தா வழியாக ஏறிய தண்ணீர் இந்தத் தெருவுக்குள் புகுந்தது. பால்மா மாதாவின் தேவாலயத்திலிருந்து பாதிரியார் மாதாவின் கொடியோடு வெளியே வந்து, அதைத் தண்ணீருக்கு எதிரே ஊன்றி, இதுவரைக்கும்தான் என்று வேண்டினார், தண்ணீர் அங்கேயே நின்று திரும்பியது என்பது ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் தேதி மாதாவை எடுத்துக்கொண்டு அந்த இடம்வரை ஊர்வலம் வருகிறார்கள். அன்று தரைவாசல் என்னும் கோட்டைக் கதவை ஆளுநர் மூடச் சொன்னதாகவும், அதனால்தான் பெருங்கூட்டம் பிழைத்ததாகவும் சொல்கிறார்கள். ஊரைவிட்டு ஓடப் பார்த்தவர்களுக்கு இருந்த ஒரே வழி, அகப்பைக் காம்பு. கதவு மூடுமுன் வெளியேறி அந்த மணல்திட்டில் ஓடிக்கொண்டிருந்தவர்களை இரண்டு பக்கக் கடலும் சேர்ந்து கொண்டுபோனது.

தண்ணீர் நின்று திரும்பிய அந்த இடத்தில் அக்கா வெகுநேரம் நின்றாள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தூத்துக்குடிக்கு இலங்கை மறைப்பாக நின்றது. குளச்சலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அக்கா அப்போது குளச்சலில் ஆசிரியை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் அவள் வாசிக்காமல் தாண்டிய பேர்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கடலோரம் பிறந்து வளர்ந்தவள் அதற்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. நல்ல கடற்கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் அலட்டிக்கொண்டதற்கு உள்காரணம் அதுதான்.

இரண்டாம் நாளும் லெவாந்தே. பதினோரு மணிக்கே லா கலேத்தாவுக்குப் போனோம். பிங்கோக் கூட்டத்துக்கு அருகில் துண்டு விரித்தோம். ஒரு அம்மா அக்காவின் முழங்காலில் சுற்றியிருந்த பட்டையைக் காட்டி, தன் முழங்காலைக் காட்டி, கடலைக் காட்டினார். உப்புத் தண்ணீர் வலிக்கு நல்லது என்பது எந்த மொழியிலும் புரிகிற விஷயம். அக்கா தலையாட்டி மறுத்தாள். அவர் விடவில்லை. "ஹிஹா" என்றார்; மகளே என்று பொருள். அக்காவுக்கு வயது 63. இருபுறமும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சுடிதாரோடு அக்கா இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. யாரும் அவள் உடையைப் பார்க்கவில்லை. அலையென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கோட்டைகளுக்கு நடுவே தண்ணீர் தொட்டில்போல ஆடியது. வட்டத்தில் அவளுக்கும் ஓர் இடம் விட்டு நின்று, அவர்கள் பாட்டுக்குப் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒரு சொல்லும் புரியாமல் முக்கால் மணி நேரம் அக்கா அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் கரையிலேயே இருந்தேன்.

மூன்றாம் நாள் காற்று இன்னும் பலமாக இருந்தது. ஊர்க்காரர்கள் எரிச்சலாக இருந்தார்கள். தலைவலியிலிருந்து வாய்ச்சண்டைவரை எல்லாப் பழியையும் லெவாந்தே மேல் போடுவது அங்கே வழக்கம். மீனா சதுக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் பொழுதைக் கழித்தோம். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பினீசியப் பளிங்குச் சவப்பேழைகள், மூடியில் மனித முகங்கள். ஆண் பேழை 1887இல் கிடைத்தது. அதற்கு ஒரு பெண் துணை மண்ணுக்குள் இருந்தே தீரும் என்று நம்பித் தேடியவர் அருங்காட்சியக இயக்குநராக இருந்த பெலாயோ கிந்தேரோ. தேடிக் கிடைக்காமல் மொராக்கோவுக்குப் போய் அங்கேயே இறந்தார். 1980இல் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது பெண் பேழை வெளிப்பட்டது. அது அவருடைய பழைய வீடு இருந்த மனை. இது கிடைத்த இடம் தரைவாசலுக்கு வெளியே, இன்று கடற்கரைக் குடியிருப்புகள் நிற்கும் பகுதியில். பினீசியரும் ரோமரும் அந்த மணல்திட்டை இடுகாடாக வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஊர் அந்தப் பக்கம் வளர்ந்தபோது, மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் வெளியே குடியேறியவர்களுக்கு வைத்த பட்டப்பேர் 'பெதுவீனோ', அதாவது பாலைவன நாடோடி. மணலில் வீடு கட்டியவர்கள் அல்லவா.

நான்காம் நாள் விடியலில் அக்காதான் எழுப்பினாள். மாடியில் துணி அசையும் திசை மாறியிருந்தது. காற்றில் உப்பும் ஈரமும். அந்த மாடிகள் காற்றும் கடலும் பார்க்கவே கட்டியவை. 1717இல் அமெரிக்க வணிகத்தின் நிர்வாகம் செவில்யாவிலிருந்து காதிஸுக்கு மாறியபின், வணிகர்கள் தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க வீட்டின் உச்சியில் கோபுரம் எழுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. எங்கள் மாடியிலிருந்து மட்டும் ஏழு தெரிந்தன. "போனியேந்தே" என்றார் வீட்டுக்கார அம்மா, திருவிழா தொடங்கிவிட்டதைச் சொல்வதுபோல.

போனியேந்தே அடிக்கும் நாளில் விக்தோரியாவைப் பார்க்க வேண்டும். முதல் நாள் நாங்கள் பார்த்த வெறும் மணலில் ஊரே இறங்கியிருந்தது. பொடிமணல், பொன்னிறம், சரிவு மிக மெதுவானது. நூறடி நடந்தாலும் இடுப்பளவுதான். பாறையே கிடையாது. கால்கழுவும் குழாய், காவல் கோபுரம், மணல்மேல் மரப்பாதை, சிரிங்கீத்தோ என்னும் கடற்கரைச் சிற்றுண்டிக் கடைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த கரையை அந்த ஊரில் சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்த நல்ல ஊரிலும் இருக்கக்கூடிய கரை. மூன்று கிலோமீட்டரும் நடந்தோம். நினைவில் தனியாக நிற்கும்படி ஓர் இடம் அகப்படவில்லை.

மாலையில் கொர்த்தாதூராவுக்குப் போனோம். பேருக்குப் பொருள் வெட்டு. 1810இல் நெப்போலியனின் படை ஊரை முற்றுகையிட்டபோது, அகப்பைக் காம்பைக் குறுக்கே வெட்டி அரண் எழுப்பினார்கள். அந்தக் கோட்டையின் கல் இன்னும் மணலில் நிற்கிறது. அந்த முற்றுகைக்கு உள்ளே இருந்துகொண்டுதான் 1812 மார்ச் 19 அன்று ஸ்பெயினின் முதல் தேசிய அரசியல் சாசனத்தைக் காதிஸில் வெளியிட்டார்கள். அரணைத் தாண்டினால் கட்டடமே இல்லை. மணல்மேடு, கடற்புல், பெருங்கடல். போனியேந்தே அலையை உயர்த்திக் கொண்டுவந்து போட்டது. பலகையோடு இளைஞர்கள் காத்துக்கிடந்தார்கள். அக்கா ஈர மணலின் விளிம்பில் நின்று, அலை வரும்போது பின்வாங்கி, போகும்போது முன்னேறி, அரை மணி நேரம் அந்தக் கடலோடு என்னமோ பேசி முடித்ததுபோல இருந்தாள். தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கரை. லெவாந்தே அடிக்கும் நாளில் எவருக்கும் இல்லை.

ஐந்தாம் நாள் மதியம் ஒன்றேகாலுக்கு ரயில். காலையில் மூன்று மணி நேரம் மீதியிருந்தது. எனக்கு லா கலேத்தாவுக்குப் போய்ப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு வர ஆசை. அக்கா சுவரில் ஒட்டியிருந்த ஓத அட்டவணையைப் பார்த்தாள். பதினொன்றுக்கு இறக்கம், அங்கே இப்போது பாறையும் பாசியும்தான். "இறங்கிக் குளிக்கதுக்கில்லாத எடத்துக்குப் போயி என்ன செய்ய? அந்தச் சின்னக் கரைக்குப் போவோம்" என்றாள்.

தரைவாசலைத் தாண்டியதும் சாந்தா மரியா தெல் மார். ஊர்வழக்கில் அதற்குப் பெண்கள் கரை என்று ஒரு பழைய பேரும் உண்டு. மேலே சாலை உயரத்தில் போக, கரை கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் தாழ்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிய தடுப்பு. வலப்பக்கம் திரும்பினால் பழைய ஊர் கடலோரமாக வளைந்து போவதும், மஞ்சள் ஓடு பதித்த தேவாலயக் கும்மட்டம் அதன் மேல் எழுந்து நிற்பதும் தெரியும். 1722இல் தொடங்கி 1838வரை இழுத்த கட்டடம். கீழே, கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலவறையில், இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயா அடங்கியிருக்கிறார். அலை லா கலேத்தாவைவிடச் சற்றுப் பெரியது, கொர்த்தாதூராவைவிட மிகச் சிறியது. நால்வகைக் கரையில் தண்ணீருக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைச் சொல்வேன். கூட இருந்த மனிதர்களுக்காகச் சொன்னால் லா கலேத்தா.

இந்த முறை யாரும் கையைப் பிடிக்கவில்லை. என்னை முன்னால் விட்டுவிட்டு அக்கா பின்னால் வந்தாள். இடுப்பளவில் நின்றாள். ஓர் அலை தோளைத் தாண்டிப் போயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சிறுவயதில் முத்துநகர்க் கடற்கரையில் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

ஈரத்தலையோடு ரயிலேறினோம். நிலையத்தை விட்டதும் வண்டி நெடுந்தூரம் நிலத்தடியில் போகிறது. வெளிச்சத்துக்கு வரும்போது ஒரு சன்னலில் வளைகுடா, மறு சன்னலில் சாலைக்கு அப்பால் கொர்த்தாதூராவின் மணல்மேடுகள். மேட்டின் முகட்டிலிருந்து மெல்லிய மணற்புகை எழுந்து கடல் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"கொண்டல் குதிச்சிட்டுட்டி" என்றாள். "அவளுவ எல்லாரும் இப்ப லா கலேத்தாவுக்கு நாற்காலியத் தூக்கிட்டுக் கெளம்பியிருப்பாளுவ."